பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் வரி

கடைத்தெரு கேள்வி - பதில்

சிகரெட், பீடி விற்கும் கடைக்காரர்கள் வடசென்னையின் பல பேட்டைகளிலிருந்து எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். வரிக் கணக்கும் உரிம வேலையும் தெரிந்தவர்கள் எழுதியது. வரி விகிதங்கள் 2026 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளவை.

தண்டையார்பேட்டையில் எட்டடிக்கு ஆறடியில் பெட்டிக்கடை போடப் போகிறேன். "சிகரெட் விற்க புகையிலை லைசென்ஸ் தனியாக எடுக்கணும், எட்டாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒரு புரோக்கர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். புகையிலைக்கான மத்தியச் சட்டம் 2003-ல் வந்த கோட்பா. யாருக்கு, எங்கே, எப்படி விற்கக் கூடாது என்று அது சொல்கிறது. சில்லறைக் கடைக்கு உரிமம் தரும் ஏற்பாடு அதில் இல்லை. புகையிலை விற்பவர்களுக்கு உள்ளாட்சி வழியாகத் தனி உரிமம் கொடுங்கள், அந்தக் கடையில் பிஸ்கெட், சிப்ஸ், குளிர்பானம் விற்க விடாதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் மாநிலங்களுக்கு எழுதியது. அது ஆலோசனைதான். இமாச்சலப் பிரதேசம் அதற்கு ஓராண்டு முன்பே, 2016-ல், உதிரி விற்பனையைத் தடுத்து கடைகளைப் பதிவு செய்ய வைக்கும் தனிச் சட்டம் போட்டுவிட்டது. லக்னோ மாநகராட்சி 2021-ல் தனி உரிமம் கொண்டுவந்தது.

உங்களுக்கு வேண்டியது சென்னை மாநகராட்சியின் வணிக உரிமம். தண்டையார்பேட்டை 4-வது மண்டலம். அந்த மண்டல அலுவலகத்திலோ மாநகராட்சி இணையதளத்திலோ நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டடத்தின் சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், உங்கள் அடையாள அட்டை மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது தொழிலின் பெயர் எழுதும் இடத்தில். "பேன்சி ஸ்டோர்" என்று எழுதி உரிமம் வாங்கிவிட்டு சிகரெட்டும் டீயும் விற்றால், சோதனைக்கு வருபவர் முதலில் பிடிப்பது அதைத்தான். என்ன விற்கிறீர்களோ அதை எழுதுங்கள். எந்த வகையில் வரும் என்ற சந்தேகம் இருந்தால் உரிமப் பிரிவில் தொழில் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

டீ, பிஸ்கெட், கடலை மிட்டாய் இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். சின்னக் கடைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அந்தச் சான்று சிகரெட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. அதைக் கடையில் மாட்டிவிட்டு "லைசென்ஸ் இருக்கு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

வியாசர்பாடியில் கடை. ஒரு நாள் வியாபாரம் சுமார் 6,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 40 லட்சம் தாண்டினால்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் கவலைப்பட வேண்டாம்தானே?

கவலைப்பட வேண்டும். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு ஆண்டு விற்பனை 40 லட்சம் என்பது சரி. ஆனால் அந்தச் சலுகையைக் கொடுத்த 2019 மார்ச் அறிவிப்பிலேயே சில பொருள்களை விலக்கி வைத்தார்கள். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள்கள் எல்லாம் அந்த விலக்கில் வரும். இவற்றில் ஒன்றை விற்றாலும் உங்கள் வரம்பு 20 லட்சம்தான். கடையில் சிகரெட் ஒரு மூலையில் நாலு பாக்கெட் இருந்தாலும் கணக்கு இதுதான். இது தெரியாமல் 30, 35 லட்சத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் கடைகள் ஏராளம்.

உங்கள் கணக்கைப் போடுவோம். 6,000 ரூபாய், 360 நாள்: 21,60,000. வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். "லாபம் அதில் நூற்றுக்கு ஆறு ஏழு கூட நிற்காதே" என்பீர்கள். லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த விற்பனையைத்தான் பார்ப்பார்கள். வரி இல்லாத பால் பாக்கெட்டும் அந்தக் கூட்டலில் சேரும். ரீசார்ஜ் போன்றவற்றில் கமிஷன் மட்டும் சேரும். தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 6,000 என்பதில் சந்தேகம் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள்: மூன்று மாதத்துக்கு அன்றன்றைய விற்பனையை ஒரு நோட்டில் எழுதுங்கள். மனக்கணக்கில் 6,000 என்பவர் நோட்டில் 4,800 ஆக இருப்பதும் உண்டு, 7,500 ஆக இருப்பதும் உண்டு.

பதிவு செய்தபின் காம்போசிஷன் முறையில், அதாவது சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறையில், போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். புகையிலைப் பொருளைத் தயாரிப்பவருக்குத்தான் அது இல்லை, விற்பவருக்கு உண்டு. ஒன்றரைக் கோடி விற்பனை வரை, 1 சதவீத வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை (உள்வரி) கழிக்கவும் முடியாது. மாதம் ஒரு லட்சத்துக்கு சிகரெட் போனால் 1,000 ரூபாய் உங்கள் லாபத்திலிருந்தே போகும். மளிகையில் லாபம் அதிகம், தாங்கும். சிகரெட்டில் லாபம் மெல்லியது, உறைக்கும். விற்பனையில் முக்கால்வாசி சிகரெட் என்றால் சாதாரணப் பதிவையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரே கம்பெனியின் சின்ன சிகரெட்டுக்கும் நீள சிகரெட்டுக்கும் விலை இவ்வளவு வித்தியாசம் ஏன்? இந்த வரியில் தமிழ்நாட்டுக்கு என்ன கிடைக்கிறது? (ராயபுரம்)

சிகரெட்டுக்கு வரி இரண்டு வழியில் விழுகிறது. ஒன்று ஜி.எஸ்.டி. முன்பு 28 சதவீதமும், அதன்மேல் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போட்ட ஈட்டுத் தீர்வையும் இருந்தன. 2025 செப்டம்பர் 3-ல் கூடிய 56-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் அதை 40 சதவீதம் என்று முடிவு செய்தது. அந்த இழப்பை ஈடுகட்ட வாங்கிய கடன் அடையும் வரை பழைய முறையே ஓடி, 2026 பிப்ரவரி 1 முதல் புதியது வந்தது. இன்னொன்று மத்திய கலால் வரி. அது விலையைப் பார்க்காது, நீளத்தைப் பார்க்கும்.

ஆயிரம் குச்சிக்குக் கணக்கு. பில்டர் சிகரெட் 65 மி.மீ. வரை 2,100 ரூபாய். 65-க்கு மேல் 70 வரை 4,000. 70-க்கு மேல் 75 வரை 5,400. அதற்கும் மேலே போனால் 8,500. பில்டர் இல்லாத 65 மி.மீ. குச்சிக்குத்தான் ஆகக் குறைவு, 2,050. இது தவிர தேசியப் பேரிடர் நிதிக்கென்று ஒரு சிறு வரியும் உண்டு.

இப்போது ஒரு பாக்கெட்டை எடுத்து ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள். பல சிகரெட்டுகள் 64, 69, 74 என்று நிற்கும். 65-ஐத் தாண்டினால் குச்சிக்கு 2 ரூபாய் 10 காசு என்பது 4 ரூபாயாகிவிடும். அதனால்தான் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்துகிறார்கள். பில்டரைக் குட்டையாக்கி ஏமாற்றலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்கும் சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. நீளத்தை அளக்கும்போது பில்டரைக் குறைந்தது 11 மி.மீ. என்றே எடுத்துக்கொள்வார்கள், நிஜத்தில் அதைவிடச் சிறியதாக இருந்தாலும்.

விலை 100 ரூபாய் அச்சிட்ட 10 குச்சி பாக்கெட், 69 மி.மீ. பில்டர் என்று வைப்போம். ஜி.எஸ்.டி. இப்போது அச்சிட்ட சில்லறை விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. 100-ஐ 140-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்கினால் 28 ரூபாய் 57 காசு. கலால் 40 ரூபாய். இரண்டும் சேர்ந்து 68 ரூபாய் 57 காசு. மிச்சமுள்ள 31 ரூபாய் சொச்சத்தில்தான் புகையிலை, காகிதம், கம்பெனி, டீலர், நீங்கள் எல்லாரும்.

மாநிலத்தின் பங்குக்கு வருவோம். 40-ல் பாதி, அதாவது மேலே சொன்ன பாக்கெட்டில் 14 ரூபாய் 28 காசு, மாநில ஜி.எஸ்.டி. கலால் மத்திய அரசுக்குப் போய், மத்திய வரிகளின் பகிர்வுத் தொகுப்பு வழியாக ஒரு பகுதி மாநிலங்களுக்குத் திரும்புகிறது. டாஸ்மாக் சரக்குக்குப் போடுவது மாதிரி மாநிலம் தானாக ஒரு விற்பனை வரியை சிகரெட்டுக்குப் போட முடியாது. 2016-ல் வந்த 101-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அதிகாரம் மதுவுக்கும் பெட்ரோலியப் பொருள்களுக்கும் மட்டுமே மிஞ்சியது. புகையிலை மேல் கலாலும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து விழலாம் என்பதும் இந்த ஏற்பாட்டில் உள்ளதுதான். "சிகரெட்டுக்கு மாநில அரசு வரி ஏத்திட்டாங்க" என்று கடையில் பேசுவது பாதிக்குப் பாதிதான் சரி.

பீடிக்கு மட்டும் வரி குறைந்ததாமே? (எருக்கஞ்சேரி)

ஆமாம். 28-லிருந்து 18. பீடி சுற்றும் இலைக்கு 18-லிருந்து 5. பீடிக்கு ஈட்டுத் தீர்வை எப்போதுமே இருந்ததில்லை. திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காட்டி இந்தச் சலுகை கேட்கப்படுவது வழக்கம். நுரையீரலுக்கு இந்தச் சலுகை தெரியாது என்பது வேறு விஷயம். பீடிக் கட்டிலும் 85 சதவீத எச்சரிக்கைப் படம் கட்டாயம், பில்லும் கட்டாயம். "வேலூர் சரக்கு, பில் கிடையாது" என்று வருவதை வாங்காதீர்கள்.

பிப்ரவரியில் விலை ஏறியபோது ஜனவரிச் சரக்கு என்னிடம் 40 பாக்கெட் இருந்தது. சேல்ஸ்மேன் "புது ரேட்டிலேயே கொடு அண்ணாச்சி, எல்லாரும் அப்படித்தான்" என்றார். ஒரு வாடிக்கையாளர் சண்டை போட்டார். யார் பக்கம் நியாயம்? (பெரம்பூர்)

வாடிக்கையாளர் பக்கம். கலால் வரி பாக்கெட் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போதே கட்டப்படுவது. ஜனவரியில் கிளம்பிய பாக்கெட்டில் பழைய வரிதான் இருக்கிறது, உங்கள் அலமாரியில் வைத்து யாரும் அதற்குப் புது கலால் கேட்கப் போவதில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பாக்கெட்டின் பக்கவாட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், அதை மறைக்க முடியாது. அதிக விலை அச்சிட்ட ஸ்டிக்கரை மேலே ஒட்டுவது இன்னும் மோசம். ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைக்கலாம், ஏற்ற முடியாது.

இனி இப்படி நடக்காமல் இருக்க: விலை ஏறும் என்ற பேச்சு வந்ததும் பழைய சரக்கையும் புதியதையும் தனித்தனி தட்டில் வையுங்கள். பழையது முதலில் போகட்டும். உதிரியாகக் கொடுக்கும்போதுதான் தகராறு வரும். எந்தப் பாக்கெட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது, பல சமயம் உங்களுக்கும் தெரியாது. கோட்பா சட்டத்தில் உதிரி விற்கக் கூடாது என்று நேரடியாக இல்லை. ஆனால் எச்சரிக்கைப் படம் வாங்குகிறவர் கண்ணில் படவே இல்லை என்ற காரணத்தைச் சொல்லி மகாராஷ்டிரம் 2020-ல் தடை செய்துவிட்டது. காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

காசிமேட்டில் கடை. டூவீலரில் ஒருவர் வந்து 10 குச்சி பில்டர் பாக்கெட் 18 ரூபாய்க்குத் தருகிறார், 30-க்கு விற்கலாம் என்கிறார். டிரைவர்கள், லோடுமேன்கள் கேட்டு வாங்குகிறார்கள். இது போலியா?

போலியோ இல்லையோ, வரி கட்டாத சரக்கு. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், பேனா போதும். ஆகச் சின்ன பில்டர் சிகரெட்டுக்கு 10 குச்சிக்குக் கலால் 21 ரூபாய். 30 ரூபாய் சில்லறை விலைக்கு உள்ளே ஜி.எஸ்.டி. 8 ரூபாய் 57 காசு. கூட்டினால் 29 ரூபாய் 57 காசு. மிச்சம் 43 காசு. அந்த 43 காசில் புகையிலை வாங்கி, காகிதத்தில் சுற்றி, பில்டர் வைத்து, அட்டைப்பெட்டி போட்டு, லாரியில் ஏற்றி, அந்த டூவீலர்காரருக்குப் பெட்ரோலும் போட்டு உங்களுக்கு 12 ரூபாய் லாபமும் கொடுக்க முடியுமா? அவர் 18 ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்றால் கலால் ஒரு காசு கட்டவில்லை என்று அவரே சொல்கிறார்.

பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருக்க வேண்டும். இந்த அளவு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். புகைப்பழக்கத்தை விட உதவும் 1800-11-2356 என்ற எண் அதிலேயே இருக்கும். தயாரித்தவர் பெயர், முழு முகவரி, எத்தனை குச்சி, தயாரித்த மாதம், எல்லா வரிகளும் சேர்த்த சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். வரி கட்டாத சரக்கில் படம் சின்னதாக ஒரு மூலையில் இருக்கும், அல்லது மங்கிய ஜெராக்ஸ் மாதிரி இருக்கும். முகவரியில் ஊர் மட்டும் இருக்கும், தெரு இருக்காது. விலை அச்சடிக்கும் இடம் வெறுமையாக இருக்கும். மேல் பாலிதீன் உறை ஓரத்தில் சுருங்கிப் போயிருக்கும், கிழிக்கும் நூல் இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். கடைசி இரண்டும் சட்டத்தில் இல்லை, ஆனால் விரல் சொல்லிவிடும்.

எச்சரிக்கை இல்லாத பாக்கெட்டை விற்கும் கடைக்காரருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டாண்டு வரை சிறையும் 3,000 வரை அபராதமும். வரி ஏய்ப்பு வழக்கு அதற்கு மேல் தனி. சோதனை வரும்போது அந்த டூவீலர்காரரின் போன் அணைந்திருக்கும். சரக்கு இருப்பது உங்கள் கடையில்.

மிண்ட் தெருவில் மொத்தமாக வாங்கி, திருவொற்றியூர், எண்ணூர் கடைகளுக்குப் போடுகிறேன். வண்டியில் போகும்போது என்னென்ன காகிதம் வேண்டும்?

பில் முதலில். அதில் விற்பவரின் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று நொடியில் தெரியும். ரத்தான எண்ணில் பில் வாங்கி உள்வரியைக் கழித்தவர்கள் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். சிகரெட்டுக்குப் பொருள் குறியீடு 2402-ல் தொடங்கும். மெல்லும் புகையிலை, பீடிக்கு 2403.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் தாண்டிய சரக்குக்கு இ-வே பில் (சரக்கு, வண்டி விவரத்தை இணையத்தில் பதிந்து எடுக்கும் சீட்டு) வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்தால் 50,000-க்கே வேண்டும். ஒரு லட்சம் என்பது சிகரெட்டில் பெரிய குவியல் இல்லை, ஆட்டோவின் பின்சீட்டில் அடங்கிவிடும். பில் தேதி ஒன்று, இ-வே பில்லில் வண்டி எண் வேறு என்ற தப்புதான் எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்த வைக்கும். வண்டி மாறினால் கிளம்பும் முன் எண்ணை மாற்றுங்கள்.

கொருக்குப்பேட்டையில் என் கடையிலிருந்து பள்ளிக்கூட கேட்டுக்கு நடந்தால் 150 மீட்டர் வரும். இருந்தும் 100 கஜத்துக்குள் என்று அபராதம் போட்டார்கள். நியாயமா?

100 கஜம் என்பது 91.44 மீட்டர். நீங்கள் நடந்த பாதையை அவர்கள் அளப்பதில்லை. பள்ளி மதிலின் வெளி ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் நேர்க்கோட்டில் அளக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கேட்டிலிருந்து அல்ல. பள்ளியின் பின்மதில் உங்கள் கடைக்குப் பின் சந்தில் முடிகிறது என்றால், தெரு சுற்றி 150 மீட்டர் வந்தாலும் நேர்க்கோட்டில் 60 ஆக இருக்கலாம். வடசென்னைச் சந்துகளில் இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. போனில் வரைபடத்தைத் திறந்து, தூரம் அளக்கும் வசதியில் மதிலின் உங்கள் பக்க மூலைக்கும் கடை வாசலுக்கும் கோடு போட்டுப் பாருங்கள். சில பள்ளிகளுக்கு வெளியே சாலையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், அதுவும் இந்த எல்லைதான்.

அபராதம் 200 ரூபாய் வரை. ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத 200 ரூபாய் அடுத்த மாதமும் வரும்.

இந்த 200-ஐப் பார்த்துவிட்டு 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதும் 200-தான் என்று நினைத்துவிட வேண்டாம். கோட்பாவில் அப்படித்தான். ஆனால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு இருக்கிறது. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும். "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்று எதிர்வீட்டுப் பையன் வந்தாலும் கொடுக்கக் கூடாது. அப்பாவே வரட்டும். சந்தேகமாக இருந்தால் வயதுச் சான்று கேட்பது உங்கள் பொறுப்பு. இன்னொன்று, மதியம் நீங்கள் சாப்பிடப் போகும்போது பத்தாவது படிக்கும் மகனைக் கல்லாவில் உட்கார வைக்கிறீர்களா? 18 வயது ஆகாதவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது என்று 2011 விதி சொல்கிறது. சிறுவர் கைக்கு எட்டும்படி அடுக்கவும் கூடாது. மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் சிகரெட் தட்டு வைத்திருக்கும் கடைகள் அதை மேல் அலமாரிக்கு மாற்றட்டும்.

கம்பெனி ஏஜென்ட் இலவசமாக விளக்குப் போட்ட பெயர்ப்பலகையும் கவுண்டரும் செய்து தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (மணலி)

வேண்டாம். விற்பனை இடத்தில் வைக்கக்கூடிய பலகை 60 செ.மீ.க்கு 45 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதில் எந்த வகைப் பொருள் கிடைக்கும் என்று மட்டுமே எழுதலாம். பிராண்ட் பெயர், பாக்கெட் படம் கூடாது, பின்னால் விளக்கும் கூடாது. கம்பெனியின் வண்ணப் பட்டையை மட்டும் அடித்துவிட்டுப் பெயரை விட்டுவிடுகிறார்கள், அதுவும் விளம்பரம்தான். விளம்பரக் குற்றத்துக்கு முதல் முறை இரண்டாண்டு வரை சிறை அல்லது 1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை ஐந்தாண்டு வரை சிறை, 5,000 வரை அபராதம்.

நீங்கள் கட்டாயம் வைக்க வேண்டிய பலகை வேறு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்று தமிழில் எழுதி, குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில். பெயிண்டரிடம் சொன்னால் தகரத்தில் எழுதித் தருவார்.

குட்காவுக்கும் வரி போடுகிறார்கள் என்று பேப்பரில் வருகிறது. வரி வாங்கும் பொருளை விற்றால் எப்படிக் குற்றம்? (புளியந்தோப்பு)

நிறையப் பேர் கேட்பது. 2026 பிப்ரவரி முதல் மெல்லும் புகையிலை, ஜர்தா (வாசனைப் புகையிலை), குட்கா பொட்டலம் போடும் இயந்திரங்களின் திறனைக் கணக்கிட்டுக் கலால் வசூலிக்கும் விதியே வந்திருக்கிறது. வரிச் சட்டம் கேட்பது "தயாரித்தாயா?" என்று. உணவுச் சட்டம் கேட்பது "இந்த மாநிலத்தில் விற்கலாமா?" என்று. முதல் கேள்விக்குப் பணம் கட்டியதால் இரண்டாவதுக்கு அனுமதி வந்துவிடாது.

தமிழ்நாட்டில் இந்தத் தடைக்கு நீண்ட கதை உண்டு. 2001-ல் முதலில் போட்டார்கள், 2004-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அது நிற்கவில்லை. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 மே மாதம் மறுபடி வந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. "ஐகோர்ட்டே சரின்னு சொல்லிடுச்சு" என்று இன்றும் சரக்கு போடுகிறவர்கள் கதையின் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

பாக்கு மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கொடுத்தாலும் தப்ப முடியாது. பாக்குச் சீவல், புகையிலை, சுண்ணாம்பைத் தேய்த்துப் பாலிதீனில் கட்டி விற்கும் மாவாவும் இதில்தான் வரும். அதில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. பிடிபட்டால் முதல் முறை 25,000 ரூபாய், கடை 15 நாள் மூடல். இரண்டாம் முறை 50,000, 30 நாள். மூன்றாம் முறை ஒரு லட்சம், 90 நாள். வாடகைக் கடையில் 90 நாள் பூட்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மச்சான் துபாயிலிருந்து சிகரெட்டும், ஒரு வேப்பும் (மின்சிகரெட்) கொண்டுவந்தார். கடையில் வைத்து விற்கலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

பயணிக்கு 100 குச்சி வரை சலுகை, அது அவர் பிடிப்பதற்கு. விற்பனைக்கு வைத்தால் எச்சரிக்கைப் படம் இல்லாத, இந்திய விலை அச்சிடாத கடத்தல் சரக்குக்குச் சமம். பர்மா பஜாரில் கிடைக்கிறதே என்பது பதிலாகாது. வேப் விஷயம் இன்னும் கடினம். 2019-லிருந்து நாடு முழுக்கத் தடை. விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சும்மா இருப்பு வைத்திருந்தாலே ஆறு மாதம் அல்லது 50,000.

மூலக்கடையில் டீக்கடை. உள்ளே யாரும் புகைப்பதில்லை, வாசலில்தான். அதற்கும் 200 ரூபாய் கேட்கிறார்கள்.

டீ குடிக்க உட்காரும் இடம் பொது இடம்தான். புகைத்தவருக்கு 200 வரை. அதைத் தடுக்காத கடைக்காரருக்கும் அபராதம் உண்டு, எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை மடங்கு. 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிப்படி 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் "புகைபிடிக்கக் கூடாது" பலகை வாசலில் வேண்டும். அதே விதியில் எல்லாரும் தவற விடும் ஒரு வாசகம் இருக்கிறது: சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் என்று புகைக்க உதவும் எதையும் அங்கே வைக்கக் கூடாது. உங்கள் கடைத் தூணில் நுனி கனிந்தபடி ஒரு கயிறு தொங்குகிறதா? முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள்.